கைதட்டு வாங்கிய தனிமம்



முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். சென்ற பொங்கல் விழாவில் எங்கள் தமிழ்ச் சங்க மேடையில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். "நம் மண்ணும் அறிவியலும்" என்று தலைப்பு. அந்த ஐந்து நிமிடத்தில் நான் முழங்கியது இதுதான்: "85ஆம் தனிமத்தை முதன்முதலில் கண்டுபிடித்தது நம் திருவிதாங்கூர் மணலில்! கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்! அதற்கு டாகின் என்று பெயரும் வைத்தார். மூன்றே வருஷத்தில் அமெரிக்கர்கள் அதைத் தட்டிப் பறித்து அஸ்டடைன் என்று பெயரை மாற்றிவிட்டார்கள்!"

நல்ல கைதட்டு. சாப்பாட்டு வரிசையில் நின்றபோது இரண்டு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

நான் சொன்னதில் கொஞ்சம் உண்மை, நிறையத் தப்பு. தப்பைப் பிடித்தது ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள். சொல்லப்போனால் கதையை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். அவள் அறையில் தனிம அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறோம். அதில் பிரான்சு இருக்கிறது, ஜெர்மனி இருக்கிறது, போலந்து இருக்கிறது, ஜப்பான் இருக்கிறது. கலிஃபோர்னியா, டென்னசி என்று மாநிலங்கள்கூட இருக்கின்றன. ஸ்வீடனில் யிட்டர்பி என்று ஒரு குக்கிராமம், அதன் பேரில் மட்டும் நாலு தனிமம். "இதில இந்தியா எங்கப்பா?" என்று கேட்டாள். தேடினேன். எங்கோ இரண்டு வரியில் டாகின் கதை கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டேன்.

விழா முடிந்து ஒரு வாரம் கழித்து, அதே கதையைப் பள்ளிக்கூட புராஜெக்டுக்கு எழுத உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இது எட்டு மணி நேரத்தில பாதி காணாமப் போயிடும்னு போட்டிருக்கே. அவர் எப்படி எடுத்து பாட்டில்ல வச்சாரு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து சில வாரம் இதையே படித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

என் அப்பா வழி தேவிகுளம் பக்கம், தேயிலைத் தோட்டம். அம்மா வழி பாலக்காட்டை ஒட்டிய சித்தூர். இரண்டு பக்கமும் வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். எல்லையில் பிறந்தவர்களுக்கு ஒரு கேள்வி சாகும்வரை விடாது: "நீங்க அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" அதனாலேயே "இது எங்களுடையது" என்று சொல்ல எது கிடைத்தாலும் நாங்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். வெளிநாட்டுக்கு வந்த பிறகு அந்தக் குணம் இன்னும் கூடிவிடுகிறது.

டாகின் கதை நடந்த 1937ல் எங்கள் ஊர்கள் எங்கே இருந்தன தெரியுமா? தேவிகுளம் திருவிதாங்கூர் மகாராஜாவிடம். சித்தூர் கொச்சி மகாராஜாவிடம். நடுவில் பாலக்காடு டவுன் வெள்ளைக்காரனுடைய சென்னை மாகாணத்தில், மலபார் ஜில்லாவில். கதையின் நாயகனான மணல் கிடந்த மணவாளக்குறிச்சியும் அன்று திருவிதாங்கூர்தான். அதாவது என் தாத்தாவுக்கும் அந்த மணலுக்கும் ஒரே ராஜா! 1956 நவம்பர் 1 அன்று கோடு போட்டபோது கல்குளம் தாலுகாவோடு மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்குப் போனது. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. மணல் அந்தப் பக்கம், மலை இந்தப் பக்கம். மேடையில் "நம் மணல்" என்று நான் உரிமை கொண்டாடியது இந்தப் பழைய உறவை வைத்துத்தான்.

கயிற்றில் ஒட்டி வந்த மணல்

மணல் கதை முழுக்க உண்மை, அதனால் அதை நிம்மதியாகச் சொல்லலாம். 1909ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மஞ்சளும் பழுப்புமாய்ச் சில மணிகள். அதுதான் மோனசைட். மணல் வந்த வழியைத் தேடிக்கொண்டு வந்து மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் கையில் இருந்த தொழில் பிரிட்டிஷார் கைக்குப் போனது.

எதற்காக இத்தனை போட்டி? விளக்குக்காக. ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் கண்டுபிடித்த கேஸ் விளக்கு மேன்டிலில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. ஐரோப்பாவின் தெருக்களெல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் இருந்தன. தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். நம் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம், மற்ற நாட்டு மணலைவிட அதிகம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேன்டில் கட்டுவதைச் சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன் நான். அந்த வெள்ளை வலைக்குள் இருந்ததும் தோரியம்தான் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

இன்னொரு செய்தி. சுதந்திரத்துக்குப் பிறகு 1950ல் இந்திய அரிய மணல் நிறுவனம் தொடங்கப்பட்டு, மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை ஆலுவாவில் வந்தது. 1952 டிசம்பரில் நேரு திறந்துவைத்தார். ஆலுவா இருப்பது பெரியாற்றங்கரையில். இடுக்கி மலையிலிருந்து இறங்குகிற அதே பெரியாறு. ஆக மலைத் தண்ணீரும் கடற்கரை மணலும் கடைசியில் ஒரு இடத்தில் சந்தித்துக்கொண்டன.

காலியாக இருந்த கட்டம்

இனி தனிமத்துக்கு வருவோம். அட்டவணையில் ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் என்று ஒரு குடும்பம். அயோடினுக்கு நேர் கீழே 85ஆம் கட்டம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. மெண்டலீவ் பாணியில் அதை 'ஏகா அயோடின்' என்றார்கள். சமஸ்கிருதத்து 'ஏக'தான் அது. கண்டுபிடிக்கும் முன்பே இந்தியப் பெயர்! (மேடையில் இதையும் சொல்லியிருந்தால் இன்னும் கைதட்டு விழுந்திருக்கும்.)

1930களில் இந்தக் கட்டத்தைப் பிடிக்கப் பெரிய ஓட்டப் பந்தயமே நடந்தது. 1931ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஃபிரெட் அலிசன், தான் உருவாக்கிய காந்த ஒளியியல் முறையில் 85ஐப் பார்த்துவிட்டதாக அறிவித்து 'அலபாமின்' என்று பெயர் வைத்தார். அந்த முறையே நம்பத் தகாதது என்று 1934ல் இன்னொருவர் காட்டினார். இருந்தாலும் அலபாமின் பல வருஷம் பாடப் புத்தகங்களில் குடியிருந்தது. 1936ல் பாரிசில் ருமேனியரான ஹுலுபெய்யும் பிரெஞ்சுக்காரரான இவெட் கோஷுவாவும் எக்ஸ்ரே கோடுகளில் 85ன் தடயம் தெரிந்ததாகச் சொன்னார்கள். ஹுலுபெய் பின்னால் வைத்த பெயர் 'டோர்'. ருமேனிய மொழியில் ஏக்கம் என்று அர்த்தம். போர்க் காலம், சமாதானத்துக்கான ஏக்கம். 1940ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் மிண்டர் 'ஹெல்வேஷியம்' என்றார். 1942ல் ஆங்கிலேயரான ஆலிஸ் லீ ஸ்மித்தோடு சேர்ந்து 'ஆங்கிலோ ஹெல்வேஷியம்' என்றார்.

இந்த வரிசையில் 1937ல் வருகிறவர்தான் நம் நாயகர், ராஜேந்திரலால் தே. ஊர் டாக்கா. அன்றைய பிரிட்டிஷ் இந்தியா, இன்றைய வங்காளதேசம். டாக்கா ஒன்றும் மூலை முடுக்கு இல்லை. சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தே திருவிதாங்கூர் மோனசைட்டை எடுத்து ஆராய்ந்தார். தோரியம் சிதைந்து சிதைந்து போகும் வரிசையில் 85ஆம் தனிமத்தைப் பிரித்துவிட்டதாக அறிவித்தார். தன் ஊரின் பேரால் 'டாகின்' என்றார்.

பாருங்கள், அத்தனை பேரும் ஊர்ப் பெயரையோ நாட்டுப் பெயரையோ மனசில் இருந்த ஏக்கத்தையோ அந்தக் கட்டத்தில் எழுதத் துடித்திருக்கிறார்கள். ஆக, அந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை :-)

பாட்டிலில் வைக்க முடியாத பொருள்

இப்போது மகளின் கேள்வி. கதிரியக்கத் தனிமம் படி இறங்குவதுபோல ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போகும். தோரியம் 90ஆம் படியில் ஆரம்பித்து, ஏறி இறங்கி, கடைசியில் 82ஆம் படியான ஈயத்தில் உட்காருகிறது. வழியில் 86ஆம் படிக்கு, அதாவது ரேடானுக்கு, வருகிறது. அங்கிருந்து நேரே 84க்குக் குதிக்கிறது. பிறகு 82, 83 என்று போய், அங்கிருந்து 84க்கோ 81க்கோ பிரிந்து, மறுபடி 82. 85ஆம் படியில் அது காலே வைப்பதில்லை. தே எந்த வீட்டுக் கதவைத் தட்டினாரோ, அந்த வீட்டில் 85 குடியிருக்கவே இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. அதே மோனசைட் மணியில் கொஞ்சம் யுரேனியமும் இருக்கிறது, சுமார் 0.3 சதவீதம். யுரேனியத்தின் படிக்கட்டு வேறு. அதில் பொலோனியம்-218 வரும்போது, பத்தாயிரம் அணுவில் சுமார் இரண்டு மட்டும் வழி மாறி 85ஆம் படிக்கு ஏறி இறங்குகின்றன. அங்கே அவை தங்குவது ஒன்றரை நொடி அளவுதான். நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ மோனசைட்டில் 3 கிராம் யுரேனியம். அது நொடிக்கு சுமார் 37,000 முறை சிதையும். அதில் பத்தாயிரத்துக்கு இரண்டு என்றால் நொடிக்கு ஏழெட்டு அணு. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நொடி நின்று மறையும். ஆக ஒரு கிலோ மணலை அள்ளி வைத்தால், எந்த நொடியில் பார்த்தாலும் உள்ளே இருக்கும் 85ஆம் தனிமம் மொத்தம் 15 அணு.

பதினைந்து கிராம் இல்லை, பதினைந்து மில்லிகிராமும் இல்லை. பதினைந்து அணு! எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில்கூட அதைவிட அதிகம் பேர்.

அதனால் "திருவிதாங்கூர் மணலில் 85ஆம் தனிமம் இருந்தது" என்று நான் சொன்னது பொய்யில்லை. "அதைப் பிரித்து எடுத்தார்கள்" என்றதுதான் பொய். பூமியின் மேலோடு முழுவதையும் சலித்தாலும் ஒரு நேரத்தில் ஒரு கிராம்கூடத் தேறாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதிக ஆயுள் உள்ள அஸ்டடைன்-210க்கே அரை ஆயுள் 8.1 மணி நேரம். யாராவது எப்படியோ ஒரு மில்லிகிராம் அஸ்டடைன்-211ஐச் சேர்த்து வைத்தாலும், அந்தத் துளி ஒரு 80 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் கக்கும். தானே ஆவியாகிப் பறந்துவிடும். இந்தத் தனிமத்தைக் கண்ணால் பார்த்த மனிதர் இன்றுவரை கிடையாது. தே தன் டாகினுக்குச் சொன்ன குணங்கள் அஸ்டடைனோடு ஒத்துப்போகவில்லை. அவர் சொன்ன அளவுக்கு அது இருந்திருந்தால் அதன் கதிர்வீச்சில் கையாளவே முடிந்திருக்காது. அவர் உண்மையில் பிரித்தெடுத்தது எது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பறித்துக்கொண்டவர்களா?

அடுத்தது "அமெரிக்கர்கள் தட்டிப் பறித்தார்கள்" என்ற குற்றச்சாட்டு. 1940ல் பெர்க்லியில் டேல் கார்சன், கென்னத் மெக்கன்சி, எமிலியோ செக்ரே மூவரும் சேர்ந்து 85ஐத் தேடுவதை விட்டுவிட்டு அதைச் செய்தார்கள். பிஸ்மத் 83ஆம் தனிமம். ஆல்ஃபா துகளில் இரண்டு புரோட்டான். சைக்ளோட்ரானில் ஆல்ஃபாவை வேகமேற்றி பிஸ்மத் மேல் மோதவிட்டால் 83ம் 2ம் சேர்ந்து 85. கிடைத்தது அஸ்டடைன்-211, அரை ஆயுள் 7.2 மணி நேரம். அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அதன் கதிர்வீச்சை அளந்தார்கள், வேதியியலில் அது எதோடு சேர்கிறது, எதோடு பிரிகிறது என்று பார்த்தார்கள். அங்கேயே சீமைப் பெருச்சாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அயோடினைப் போலவே இதுவும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. சைக்ளோட்ரான் உள்ள எவரும் திரும்பச் செய்து சரிபார்க்கலாம். டாகினை வேறு யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நிறமும் இல்லை, நாடும் இல்லை.

இன்னொன்று. "அமெரிக்கர்கள்" என்று நான் சொன்ன மூவரில் செக்ரே இத்தாலிய யூதர். 1938 கோடையில் அவர் பெர்க்லிக்கு வந்திருந்தபோது முசோலினி அரசு யூதர்களைப் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கியது. திரும்பிப் போக வழியில்லை. இவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்ததும், மாதம் 300 டாலர் சம்பளத்தை 116 டாலராகக் குறைத்தார் ஆய்வுக்கூடத் தலைவர் லாரன்ஸ். விசாவுக்காகக் கொடுத்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் வேலை பார்த்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு! நான் மேடையில் திருடன் என்று திட்டியது, நம்மைப்போல வந்து மாட்டிக்கொண்ட ஒரு மனிதரை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

1943ல் வியன்னாவில் பெர்ட்டா கார்லிக், டிராடே பெர்னர்ட் என்ற இரண்டு பெண்கள், யுரேனியத்தின் படிக்கட்டில் இயற்கையாகவே 85 வந்துபோவதை உறுதி செய்தார்கள். நம் மணலுக்குள் வந்துபோகும் அந்தப் பதினைந்து அணுவுக்குச் சாட்சி அவர்கள்தான்.

பெர்க்லி மூவரும் உடனே பெயர் வைக்கவில்லை. 1947ல்தான் வைத்தார்கள். ஊர்ப் பெயர் இல்லை, நாட்டுப் பெயர் இல்லை. கிரேக்க மொழியில் 'நிலையற்றது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அஸ்டடைன். அந்தப் பொருள் எப்படியோ அப்படியே ஒரு பெயர். அதுதான் நிலைத்தது.

இன்று அந்தத் துளிக்கு என்ன வேலை?

கொஞ்ச நேரமே வாழ்வதுதான் இன்று அதன் பலம். அஸ்டடைன்-211 விடும் ஆல்ஃபா துகள் உடம்புக்குள் சில செல்களின் அகலத்தைத் தாண்டிப் போகாது. புற்றுநோய் செல்லைத் தேடிப்போகும் மருந்தோடு அதைக் கட்டி அனுப்பினால், அங்கேயே வெடித்து, ஒரு நாளைக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மூளைக் கட்டி உள்ள 18 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததை 2008ல் வெளியிட்டார்கள். ஜப்பானின் ஒசாகாவில் 2021ல் தைராய்டு புற்றுநோய்க்கான முதல் கட்டச் சோதனை ஆரம்பித்தது. அதன் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதே 2013ல்தான் ஜெனீவாவின் செர்ன் கூடத்தில் முதன்முறையாக அளக்கப்பட்டது. கட்டியாகச் சேர்க்க முடிந்தால் அயோடினைப்போல இல்லாமல் அது உலோகமாக இருக்கும் என்பதும் அதே வருஷத்துக் கணிப்பு. கையில் எடுக்க முடியாததைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மகள் புராஜெக்டை முடித்துவிட்டாள். அட்டையில் ஒரு கிலோ மணல் பொட்டலம் வரைந்து, உள்ளே எண்ணிப் பதினைந்து புள்ளி வைத்திருக்கிறாள். கீழே திருவிதாங்கூர், டாக்கா, பெர்க்லி, வியன்னா என்று நாலு ஊர். தே பெயரையும் போட்டிருக்கிறாள்: "தேடினார், கிடைக்கவில்லை" என்று. கேலி இல்லாமல், பொய்யும் இல்லாமல். எனக்கு அந்த ஒரு வரி வரவில்லையே என்று இருந்தது.

சங்கச் செயலாளரிடம் அடுத்த பொங்கலுக்கு இன்னொரு ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். "அதான் போன தடவையே நல்லாப் பேசினீங்களே சார்" என்றார். அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

பி.கு.: "அப்படியானால் அந்த மணல் ஆபத்தா?" என்று கடற்கரை ஊர் நண்பர்கள் கேட்பீர்கள். இதே மோனசைட் நிறைந்த கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009ல் வந்தது. அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு இதையும் போனில் சொல்லிவிடுங்கள்.